நான்காம் விரல்: ஒரு பியானோ கலைஞர் இசை நடத்துநரான ஏழு ஆண்டுகள்

இந்தக் குறிப்பைப் பற்றி

மேடையில் பியானோ வாசித்துப் பெயர் வாங்கிய ஒருவர், வலக்கை விரல்கள் பேச்சைக் கேட்காமல் போனதால் இசைக்குழுவை நடத்தும் பக்கம் திரும்பினார். விரலில் முதல் கோளாறு தெரிந்தது தொடங்கி, அவர் ஒருவாறு நிலைகொண்டது வரை ஏழு ஆண்டுகள். அந்த ஏழு ஆண்டுகளும் நான் பக்கத்திலேயே இருந்தேன். இசைக்குழுவின் நூலகர் நான். வாத்தியக்காரர்களுக்கான பிரதிகளைத் தயார் செய்வது, திருத்தங்களைக் குறிப்பது, கச்சேரி முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்ப வாங்கி அடுக்கி வைப்பது என் வேலை. பியானோவும் சுமாராக வாசிப்பேன். அதனால் கான்செர்ட்டோ, அதாவது ஒரு தனி வாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு, தயாராகும்போது இசைக்குழுவின் பகுதியை இரண்டாம் பியானோவில் வாசித்துக் கொடுப்பதும் என் தலையில் விழுந்தது.

அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன். இன்னொன்று: தமிழில் நடத்துநர் என்றால் முதலில் பஸ்தான் ஞாபகத்துக்கு வரும். வேறு நல்ல சொல் அகப்படவில்லை. இசை நடத்துநர் என்றே எழுதுகிறேன்.

பின்னணி

ஐந்து வயதில் பியானோ முன் உட்கார்ந்தவர். இருபத்திரண்டு வயதில் ஒரு பெரிய போட்டியில் பரிசு, அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள் ஓயாத பயணம். பீத்தோவனின் ஐந்து கான்செர்ட்டோக்கள், பிராம்ஸின் இரண்டு, சாய்கோவ்ஸ்கியின் முதலாவது, ரக்மானினோவின் இரண்டாவதும் மூன்றாவதும் எப்போது கேட்டாலும் வாசிக்கத் தயாராக இருக்கும். மோட்சார்ட்டை அதிகம் தொடமாட்டார். "அதில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை" என்பார்.

அவருடைய பயிற்சி முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பின்னால் நடந்ததெல்லாம் அதிலிருந்து வந்ததுதான். ஒரு இடம் கைக்கு வரவில்லை என்றால் பாதி வேகத்தில் ஐம்பது தடவை வாசிப்பார். அப்போதும் வரவில்லை என்றால் நூறு தடவை. முப்பது ஆண்டுகளாக இந்த வழி அவரைக் கைவிட்டதில்லை. வராத ஒன்றை இன்னும் கூடுதலாகச் செய்தால் வந்துவிடும் என்பது அவர் உடம்பிலேயே ஊறிப்போயிருந்தது.

என்றாவது ஒருநாள் நடத்துநரின் கோலை எடுக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு முன்பிருந்தே உண்டு. பியானோவிலிருந்து அந்தப் பக்கம் போனவர்களின் வரிசை நீளமானது. 1875-ல் பாஸ்டனில் சாய்கோவ்ஸ்கியின் முதல் கான்செர்ட்டோவை முதன்முதலாக வாசித்த ஹான்ஸ் ஃபான் பியூலோ, பத்து ஆண்டுகளுக்கு முன்பே வாக்னரின் 'டிரிஸ்டான்' ஓபராவின் முதல் நிகழ்ச்சியை நடத்தியவர். பிற்காலத்தில் பெர்லின் பில்ஹார்மோனிக் இசைக்குழுவையும் நடத்தினார். 1942-ல் ஜெனீவா போட்டியில் பியானோவுக்குப் பரிசு வாங்கிய ஜார்ஜ் ஷோல்டியை இன்று எல்லோரும் நடத்துநராகத்தான் அறிவார்கள். பேரன்பாய்ம், அஷ்கெனாசி என்று இன்னும் சொல்லிக்கொண்டே போகலாம். ஐம்பது வயதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம் என்பது இவருடைய கணக்கு. இந்த ஆசை ஊரறிந்த விஷயமாக இருந்ததால்தான், முப்பத்தாறு வயதில் அவர் திடீரென்று கோல் எடுத்தபோது யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

விரல் எண்கள் மாறிய மாதங்கள்

அவருக்கு முப்பத்துநான்கு வயதிருக்கும்போது சாய்கோவ்ஸ்கியின் முதல் கான்செர்ட்டோவுக்குத் தயாரானோம். அவர் பலமுறை வாசித்ததுதான். ஒத்திகையில் இடம் சொல்ல உதவும் எழுத்துகளைக் குறித்துத் தரச்சொல்லித் தன் பிரதியை என்னிடம் கொடுத்திருந்தார்.

பியானோ வாசிப்பவர்கள் விரல்களுக்கு எண் போட்டுக்கொள்வார்கள். கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5. ஆக்டேவ், அதாவது ஒரே சுரத்தின் கீழ் ஸ்தாயியையும் மேல் ஸ்தாயியையும் ஒன்றாக, வாசிக்கும்போது வெள்ளைக் கட்டையில் 1, 5 விரல்களும், கருப்புக் கட்டையில் 1, 4 விரல்களும் வருவது வழக்கம். கருப்புக் கட்டை சற்று உயரத்தில், உள்ளே தள்ளி இருப்பதால் நான்காம் விரலான மோதிர விரல்தான் அதற்குத் தோதானது. அவருடைய பிரதியில் பல ஆண்டுகளுக்கு முன் போட்டிருந்த 4 அழிக்கப்பட்டு, மேலே புதிதாக 5 எழுதியிருந்தது. ஒரு இடத்தில் அல்ல, பல இடங்களில். ரப்பர் தேய்த்த தடம் இன்னும் பளபளவென்று இருந்தது.

இரண்டாம் பியானோவில் உட்கார்ந்தபோது கையையே பார்த்தேன். வேகமான ஆக்டேவ்களில் அவருடைய மோதிர விரல் கட்டைக்கு மேலே நிற்காமல் உள்ளங்கையைப் பார்த்துச் சுருண்டது. அவர் சுருட்டவில்லை, அது தானாகச் சுருண்டது. அந்தப் பகுதி முடிந்ததும் கையைத் தொங்கவிட்டு, ஈரத்தை உதறுவதுபோல இரண்டு தடவை உதறினார். என்னைப் பார்த்தார். நான் பக்கத்தைத் திருப்பினேன்.

கேட்கவில்லை. ஒரு வாத்தியக்காரரிடம் கையைப் பற்றிக் கேட்பது எங்கள் இடத்தில் அவ்வளவு மரியாதையான காரியமாகக் கருதப்படாது. அவர் தனி வாசிப்பாளர், நான் நூலகர் என்பதும் இருந்தது.

அதன்பின் அவர் செய்தது எதிர்பார்த்ததுதான். நான்கு மணி நேரப் பயிற்சி ஏழு மணி நேரமானது. நான்காம் விரலுக்கென்றே தனிப் பயிற்சிகள், மெதுவாக, இன்னும் மெதுவாக. ஆறு மாதத்தில் சுண்டுவிரலும் கூடச் சேர்ந்து சுருள ஆரம்பித்தது. வலி கொஞ்சமும் இல்லை. அதுதான் ஏமாற்றியது. "வலித்திருந்தால் ஓய்வாவது எடுத்திருப்பேன். வலிக்காததால் சோம்பேறித்தனம் என்று நினைத்தேன்" என்று பிற்பாடு சொன்னார்.

பெயர் தெரிந்தது

முதலில் பார்த்த மருத்துவர் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறதா என்று பார்த்தார். நரம்புச் சோதனை சரியாகவே இருந்தது. மணிக்கட்டுக்குப் பட்டை கொடுத்தார். அடுத்தவர் மன அழுத்தம் என்றார். இப்படி ஒரு வருடத்துக்கு மேல் போயிற்று. மேசைமேல் கையை வைத்துக் காட்டினால் அந்தக் கையில் ஒரு குறையும் கிடையாது. சட்டைப் பொத்தான் போடுவார், பேனா பிடிப்பார், கத்தி பிடித்து ஆப்பிள் நறுக்குவார்.

இசைக்கலைஞர்களையே பார்க்கும் ஒரு நரம்பியல் நிபுணர்தான், அறையில் இருந்த பியானோவைக் காட்டி வாசிக்கச் சொன்னார். இரண்டு நிமிடம் பார்த்தார். பிறகு மெல்லிய ரப்பர் கையுறை ஒன்றைக் கொடுத்துப் போட்டுக்கொண்டு வாசிக்கச் சொன்னார். விரல் நேராக நின்றது. பியானோ கலைஞர் தான் அழுதுவிட்டதாகப் பிற்பாடு என்னிடம் சொன்னார். பத்து நிமிடத்தில் கையுறையோடும் விரல் சுருண்டது.

டிஸ்டோனியா. கைத்தசையிலோ எலும்பிலோ பழுதில்லை. மூளை அந்த அசைவை வைத்திருக்கும் விதத்தில் பழுது. விரல்களை ஆள்வதற்கு மூளையில் தனித்தனி இடங்கள் இருக்க வேண்டும். ஒரே நுட்பமான அசைவைப் பல்லாண்டு லட்சக்கணக்கான தடவை செய்கிற சிலருக்கு அந்த இடங்களின் எல்லை கலைந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடுகிறது. ஒரு விரலுக்குப் போன கட்டளையைப் பக்கத்து விரலும் எடுத்துக்கொள்ளும். குறிப்பிட்ட அந்த வேலையில் மட்டும் தெரியும். கையுறை போட்டதும் தொடு உணர்வு மாறுவதால் மூளை சற்று நேரம் பழைய வழியை மறக்கிறது, அவ்வளவுதான். தொழில்முறை வாத்தியக்காரர்களில் சுமார் நூற்றில் ஒருவருக்கு இது வருவதாக மதிப்பிடுகிறார்கள். பியானோ கலைஞர்களில் பெரும்பாலும் வலக்கையில், அதிலும் 4, 5 விரல்களில்.

அந்த நிபுணர் சொன்னதில் ஒன்று இவரை நிலைகுலைய வைத்தது. கூடுதல் பயிற்சி இதைக் குணப்படுத்தாது. கோளாறான அசைவையே மூளையில் இன்னும் ஆழமாகப் பதியவைக்கும். அதாவது, அந்த ஏழு மணி நேரம் முழுக்க அவர் நோய்க்குத்தான் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார்.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

அப்போது அவர் முன் மூன்று வழிகள் இருந்தன. வெளிப்படையாகச் சொல்லிவிட்டு ஒரு வருடம் விலகி, சிகிச்சை பார்ப்பது. அல்லது இடக்கைக்கென்று எழுதப்பட்ட இசையை வாசிப்பது. அல்லது கோல்.

முதல் வழியை அவரும் அவருடைய மேலாளரும் ஒரே மாலையில் ஒதுக்கிவிட்டார்கள். கையில் கோளாறு என்று ஒருதடவை வெளியே போனால், குணமான பிறகும் ஒவ்வொரு தவறான சுரத்துக்கும் அதுவே காரணமாகப் பேசப்படும் என்ற பயம். பயம் பொய் என்று சொல்லமாட்டேன்.

இடக்கை இசை பலர் நினைப்பதுபோல அரைகுறைச் சமாச்சாரம் இல்லை. முதல் உலகப்போரில் வலக்கையை இழந்த பவுல் விட்கென்ஷ்டைன் தனக்காகக் கேட்டு எழுதவைத்த இடக்கை கான்செர்ட்டோக்களில் ரவேலுடையது இன்றும் மேடையில் நிற்கிறது. பாக்கின் வயலின் படைப்பான சக்கோன்னை பிராம்ஸ் இடக்கைக்கு மட்டுமாக மாற்றி எழுதினார். ஸ்க்ரியாபின் வலக்கையைக் கெடுத்துக்கொண்ட காலத்தில் ஒரு பிரெலூடும் நாக்டர்னும் இடக்கைக்காக எழுதினார். இதே நோயால் 1960-களின் நடுவில் அதே இரண்டு விரல்களின் கட்டுப்பாட்டை இழந்த பியானோ கலைஞர் லியோன் ஃப்ளைஷர், இடக்கை வாசிப்பு, கற்பித்தல், நடத்துதல் என்று மூன்றையும் சேர்த்தே பிடித்துக்கொண்டு, பல பத்தாண்டுகளுக்குப் பிறகு இரண்டு கையாலும் வாசித்தார். இதையெல்லாம் நானே பட்டியல் எடுத்துக் கொடுத்தேன், நூலகத்தில் பிரதிகளும் இருந்தன. அவர் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "கேட்க வருகிறவர்கள் காதோடு வரமாட்டார்கள், இரக்கத்தோடு வருவார்கள்" என்றார்.

ஆக, கோல். "இசைப் பயணத்தை விரிவாக்கிக்கொள்கிறார்" என்ற வகையில் ஓர் அறிவிப்பு போயிற்று. அடுத்த கச்சேரிப் பருவத்தின் கான்செர்ட்டோ நிகழ்ச்சிகளில் பலவற்றை நடத்தும் நிகழ்ச்சிகளாக மாற்றிக்கொண்டார்கள். முடிவின் அடிப்படை என்ன என்று இன்று யோசித்தால், நடத்துவது அவருக்கு ஒரு மறைவிடமாகத்தான் பட்டது. அது தனித் தொழில், முதலிலிருந்து கற்க வேண்டியது என்று அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த யாருமே சொல்லவில்லை. காது இருக்கிறது, ஸ்கோர் (எல்லா வாத்தியங்களின் பகுதிகளும் சேர்ந்த பிரதி) படிக்கத் தெரியும், பெயர் இருக்கிறது, போதாதா என்பதே எண்ணம். ஸ்கோர்களைக் கட்டி அனுப்பியவன் நான். எனக்கும் அதே எண்ணம்தான்.

கோல் எடுத்த முதல் ஆண்டு

முதல் நிகழ்ச்சிக்கே பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியை எடுத்தார். அனுபவமுள்ள எந்த நடத்துநரும் தடுத்திருப்பார்.

எல்லோருக்கும் தெரிந்த அந்த நான்கு சுரங்கள். அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்தால்தான் வம்பு தெரியும். இரண்டு எண்ணிக்கைத் தாளம். முதல் சுரம் அடியின்மேல் விழுவதில்லை. அடி விழும் இடத்தில் அரை எண்ணிக்கை மௌனம். அதைத் தள்ளித்தான் எடுப்பு. மூன்று குட்டைச் சுரங்கள், பிறகு நீட்டிப் பிடிக்கும் ஒரு சுரம். தந்தி வாத்தியங்கள் மொத்தமும் கிளாரினெட்டுகளும் ஒன்றாகத் தொடங்க வேண்டும். அதற்கு முன் எந்த ஒலியும் இல்லை. வேகத்தை எங்கிருந்தும் பிடித்துக்கொள்ள முடியாது. நடத்துநர் கையை உயர்த்துகிற அந்த ஒரே அசைவில் வேகம், பலம், மூச்சு எல்லாம் இருக்க வேண்டும்.

அவர் கையை உயர்த்தி இறக்கினார். பாதிப் பேர் வந்தார்கள், மீதிப் பேர் அதற்குப் பின்னால் வந்தார்கள். மறுபடி. இந்தமுறை கையை இன்னும் உயர்த்தி, இன்னும் பலமாக இறக்கினார். இன்னும் மோசம். மூன்றாம் தடவை முழங்கால்கூட மடங்கியது. ஐந்தாம் தடவை கச்சிதமாக வந்தது. அவர் முகம் மலர்ந்தது. ஆனால் அந்த முறை குழுவினர் அவரைப் பார்க்கவே இல்லை; முதல் வயலின் தலைவர் தன் வில்லையும் தோளையும் அசைத்துக் கொடுத்த சைகையில் வந்தார்கள். எனக்கு அது பின்வரிசையிலிருந்தே தெரிந்தது.

அந்த ஆண்டு முழுக்க நான் கவனித்தவற்றை அப்போதே ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். திரும்பத் திரும்ப வந்தவை இவை.

பியானோவில் விரல் இறங்குகிற கணத்தில் ஒலி வந்துவிடும். இசைக்குழுவில் அடி விழுந்து ஒரு நொடிப்பொழுது கழித்துத்தான் ஒலி வரும். பெரிய குழு, மெதுவான பகுதி என்றால் இன்னும் தாமதம். நடத்துநர் எப்போதும் ஒலிக்கு முன்னால் இருக்க வேண்டும். இவர் ஒலி வருகிறதா என்று காத்திருந்து அடுத்த அடியைப் போட்டார். குழு அவர் அடிக்குக் காத்திருந்தது. ஒருவருக்கொருவர் வழிவிட்டு வழிவிட்டு வேகம் இறங்கிக்கொண்டே போனது. இறங்குவதை உணர்ந்ததும் அடியைப் பெரிதாக்கினார். பெரிய அசைவுக்கு நேரம் அதிகம் பிடிக்கும் என்பதால் வேகம் மேலும் இறங்கியது.

இன்னொன்று, பியானோவின் சுரம் பிறந்த கணத்திலிருந்தே தேய ஆரம்பிக்கிறது. அதனால் பியானோ கலைஞரின் கவனமெல்லாம் சுரம் பிறக்கும் இடத்தில்தான். வயலினுக்கும் ஓபோ என்ற குழலுக்கும் சுரத்தின் நடுப்பகுதியும் முடிவும்தான் உயிர். அவர் தொடக்கங்களை மட்டும் கையால் காட்டிவிட்டு, நீட்டிப் பிடிக்கும் இடங்களில் அடுத்த தொடக்கத்துக்குத் தயாராகிவிடுவார். குழல் வாத்தியக்காரர்களுக்கு மூச்சு எங்கே எடுப்பது என்றே தெரியவில்லை. எட்டுத் தாள அளவைகள் கொண்ட ஒரு வரியை வயலின்காரர்கள் ஒரே வில்லில் உரத்து வாசிக்க வேண்டும் என்று ஒருநாள் கேட்டார். வில் அவ்வளவு நீளம் கிடையாது என்று ஒருவர் எழுந்து நின்று காட்டினார். சிரிப்பலை. அவரும் சிரித்தார், ஆனால் காதுமடல் சிவந்திருந்தது.

நல்லதையும் சொல்ல வேண்டும். பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் கார்டில் யாருடைய சுரம் தாழ்ந்திருக்கிறது என்பதை அவரளவுக்குத் துல்லியமாகப் பிடித்தவரை நான் கண்டதில்லை. எஃப் ஹார்ன் எழுதியதைவிட ஐந்தாம் சுரம் கீழே ஒலிக்கும், பி-ஃபிளாட் கிளாரினெட் ஒரு முழுச் சுரம் கீழே ஒலிக்கும். அதையெல்லாம் ஸ்கோரிலிருந்து அப்படியே பியானோவில் வாசித்துக் காட்டுவார். ஒரு சிம்பொனியின் கட்டுமானம் எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்று அவர் விளக்கினால் பின்வரிசைக்காரர்கள்கூடக் குனிந்து கேட்பார்கள். ஆனால் ஒத்திகையில் பேச்சு கூடக்கூட வாசிப்பு குறைந்தது.

விமரிசனங்கள் மரியாதையாக இருந்தன. மரியாதையாக மட்டும் இருந்தன.

பின்வரிசை நாற்காலி

இரண்டாம் பருவத்தின் நடுவில், மிக மெல்லிய ஒலியில் போக வேண்டிய ஓர் இடம். அவருக்கு வேண்டிய மென்மை வரவில்லை. குனிந்தார், உதட்டில் விரல் வைத்தார், இடக்கையால் அமுக்கிக் காட்டினார், வலக்கையோ அகலமாக அடித்துக்கொண்டே இருந்தது. கோலைப் பார்த்தால் உரக்க, முகத்தைப் பார்த்தால் மெல்ல. இடைவேளையில் முதல் வயலின் தலைவர் அவரிடம் வந்தார். வயதில் மூத்தவர், அதிகம் பேசமாட்டார். நான் பிரதிகளைச் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்களுக்குப் பதிலாக நீங்களே வாசிக்கப் பார்க்கிறீர்கள். கொஞ்சம் கையைக் குறையுங்கள், நாங்கள் இருக்கிறோம்" என்றார்.

அவர் பதில் சொல்லவில்லை. அன்று மாலை என் அறைக்கு வந்து நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். நிபுணர் கையைப் பற்றிச் சொன்னதும் இதுவும் ஒன்றுதான் என்றார். வராததைக் கூடுதலாகச் செய்கிறேன், கூடக்கூடக் கெடுகிறது. பியானோ நோயைப் பற்றி அவர் என்னிடம் நேராகப் பேசியது அன்றுதான் முதல் தடவை. எனக்கு முன்பே தெரியும் என்று சொன்னேன். எவ்வளவு முன்பு என்று கேட்டார். சாய்கோவ்ஸ்கி என்றேன். நீண்ட மௌனம்.

அடுத்த வாரம் மூன்று முடிவுகள் எடுத்தார். மேலாளர் எதிர்த்தார், கேட்கவில்லை.

மீதமிருந்த பருவத்தில் நடத்தும் நிகழ்ச்சிகளைப் பெரும்பாலும் விட்டுக்கொடுத்தார். வயதான ஒரு நடத்துநரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். பெயருள்ள ஒருவர் அப்படிப் போவது எங்கள் தொழிலில் அபூர்வம். அந்தப் பெரியவர் முதல் மூன்று மாதம் அவரிடம் கோலையே கொடுக்கவில்லை. இரண்டாம் வயலின் கடைசி வரிசையில் காலி நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அங்கிருந்து பார்த்தால் நடத்துநரின் கை எவ்வளவு சின்னதாகத் தெரிகிறது, முன்வரிசையின் ஒலி எவ்வளவு பிந்தி வருகிறது என்பதை முதுகெலும்பில் உணர வேண்டும் என்றார். வயலின் வில் பிடிக்கவும் ஒருவரிடம் கற்றுக்கொண்டார். வாசிப்பு காது கொடுத்துக் கேட்கும்படி இல்லை, ஆனால் வில்லின் நுனியில் ஒரு சுரத்தைத் தொடங்குவதும் அடியில் தொடங்குவதும் எவ்வளவு வேறு என்று கைக்குத் தெரிந்தது.

பிறகு எடுப்புக்கு முந்தைய அசைவு. அது மட்டும்தான், வாரக்கணக்கில். தன் ஒத்திகை வீடியோக்களை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். ஒலி இல்லாமல் பார்த்தால், அந்தக் கையசைவிலிருந்து என்ன வேகம் வரும், உரக்க வருமா மெல்ல வருமா என்று ஊகிக்க முடிகிறதா? முடியவில்லை என்றால் கை பொய் சொல்கிறது. இந்த ஒரு பயிற்சியை யாருக்கும் தயங்காமல் சொல்வேன்.

மூன்றாவது முடிவு, குழுவினரிடம் கையைப் பற்றிச் சொன்னது. ஒத்திகை தொடங்கும் முன் நான்கைந்து வாக்கியங்களில் சொன்னார். எதிர்பார்த்த இரக்கமோ கிசுகிசுப்போ பெரிதாக ஒன்றும் இல்லை. நடந்தது வேறு. அந்த மாதத்துக்குள் குழுவில் இருவர் தனித்தனியே அவரைத் தேடி வந்தார்கள். ஒருவருக்கு இடக்கை விரல் ஒன்று தந்தியில் நிற்க மறுத்தது. இன்னொருவர் ஊதும் வாத்தியக்காரர், உதட்டோரம் நடுங்கியது. இருவரும் யாரிடமும் சொல்லாமல் கூடுதலாகப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். இருவரையும் அந்த நிபுணரிடம் அனுப்பினார்.

கைக்கு என்ன ஆனது

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், மருத்துவம் என் துறை இல்லை. முன்கையில் விரலை மடக்கும் தசைக்கு மிகச் சிறிய அளவில் போட்யூலினம் ஊசி. அது தசையைத் தற்காலிகமாகத் தளர்த்தும். சுமார் மூன்று மாதம் தாங்கும். முதல் ஊசியில் சுண்டுவிரல் தேவைக்கு அதிகமாகத் தளர்ந்து, கட்டையை அமுக்கவே திணறியது. இரண்டாவதில் அளவைக் குறைத்தார்கள், ஓரளவு பிடிபட்டது. கூடவே மறுபயிற்சி: ஒரு நாளைக்குப் பத்துப் பத்து நிமிடமாகச் சிலமுறை, விரல் சுருளத் தொடங்குவதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். ஏழு மணி நேரம் வாசித்தவருக்கு நிறுத்துவதுதான் கஷ்டமாக இருந்தது. சமையலறையில் முட்டை வேகவைக்கப் பயன்படுத்தும் டைமரைப் பியானோமேல் வைத்துக்கொண்டார்.

முழுக் குணம் இல்லை. சாய்கோவ்ஸ்கியும் ரக்மானினோவும் திரும்பி வரவில்லை, வராது என்று அவருக்கும் தெரியும்.

சபைக்கு முதுகு காட்டிய மாலை

ஐந்தாம் ஆண்டில், பியானோவிலிருந்தபடியே நடத்தி வாசிக்க மோட்சார்ட்டின் ஏ மேஜர் கான்செர்ட்டோ, அவர் படைப்புகளின் பட்டியலில் கே 488. ஒளிந்துகொள்ள இடமில்லை என்று அவர் ஒதுக்கிவைத்திருந்த அதே மோட்சார்ட்.

தேர்வுக்குக் காரணங்கள் இருந்தன. 1786-ல் எழுதப்பட்ட இந்தப் படைப்பில் டிரம்பெட்டும் தாள மேளமும் இல்லை, ஓபோவும் இல்லை. புல்லாங்குழல் ஒன்று, கிளாரினெட், பசூன், ஹார்ன் இரண்டிரண்டு, தந்திகள். சிறிய குழு, ஒருவரை ஒருவர் கேட்டே வாசிக்க முடியும். முதல் பகுதி தந்திகளின் அமைதியான, அடியின்மேல் விழும் தொடக்கம். எஃப் ஷார்ப் மைனரில் இருக்கும் நடுப்பகுதியைப் பியானோ தனியாகத் தொடங்குகிறது; சுரங்கள் மிகக் குறைவு, இடைவெளிகள் அதிகம். கடைசிப் பகுதியில்தான் ஆபத்து. வலக்கை ஓட்டங்கள் வேகமானவை. அந்த இடங்களில் 4-ஐத் தவிர்த்து விரல் எண்களை மாற்றினார், சில சுரங்களை இடக்கைக்குக் கொடுத்தார். இந்தமுறை மாற்றங்களை என்னையே பிரதியில் எழுதச் சொன்னார்.

மூடியைக் கழற்றிவிட்டு, பியானோவின் வாலைக் குழுவுக்குள் தள்ளி, சபைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். ஒத்திகையில் முதல் வயலின் தலைவரிடம் வேலையைப் பிரித்துக் கொடுத்தார்: தன் இரண்டு கையும் கட்டையில் இருக்கும் எல்லா இடங்களிலும் எடுப்பு அவருடையது. தானும் தலையால் அங்கே எதுவும் செய்வதில்லை என்று வாக்குக் கொடுத்தார். இரண்டு பேர் சைகை கொடுத்தால் குழு பிளந்துபோகும்.

நிகழ்ச்சியில் கடைசிப் பகுதியின் ஓர் ஓட்டத்தில் விரல் சுருண்டது. இரண்டு சுரங்கள் விழவில்லை. மூன்றாவது தவறாக விழுந்தது. முன்பாக இருந்தால் அடுத்த வரியை இரண்டு மடங்கு பலத்தோடு வாசித்திருப்பார். அன்று கையைக் கட்டைமேல் அப்படியே லேசாக வைத்தார். முதல் வயலின் தலைவர் வில்லை உயர்த்தினார், குழு தன் இடத்தில் வந்தது, அவர் அடுத்த நுழைவில் சேர்ந்துகொண்டார். சபையில் சிலருக்குத் தெரிந்திருக்கும்.

இப்போது அவர் ஆண்டில் பெரும்பகுதி நடத்துகிறார். இரண்டு மோட்சார்ட் கான்செர்ட்டோக்கள் மட்டும் இரண்டு கையாலும் வாசிக்கிறார். ஏழாம் ஆண்டில் ஒருநாள் நூலகத்துக்கு வந்து, ரவேலின் இடக்கைப் பிரதி இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். தூசி தட்டி எடுத்துக் கொடுத்தேன்.

எதை மாற்றிச் செய்வோம்

அவரைக் கேட்டால், நோய்க்குப் பெயர் தெரிந்த அன்றே அறிவித்திருக்க வேண்டும், ஒரு வருடம் விலகியிருக்க வேண்டும் என்கிறார். கோல் எடுப்பதானால் முதலில் உதவியாளராக, பிறகு சிறிய குழுவோடு, எளிய தொடக்கங்கள் உள்ள படைப்புகளோடு. ஐந்தாம் சிம்பொனி கடைசியில்.

எனக்கு அதில் பாதிதான் சம்மதம். அறிவித்திருந்தால் அந்தப் பருவத்தில் யாரும் அவரை நடத்த அழைத்திருக்க மாட்டார்கள். இரண்டாம் வயலின் வரிசை நாற்காலியும் கிடைத்திருக்காது. பொதுவில் சொல்வது வேறு, கூட வேலை செய்பவர்களிடம் சொல்வது வேறு. இரண்டாவதை முதல் மாதமே செய்திருக்கலாம். மேலாளர் இடத்தில் இருப்பவர்களும் ஒன்றைக் கவனிக்கலாம்: ஒரு கலைஞர் திடீரென்று திசை மாற்றும்போது, புதிய வேலையைக் கற்க அவருக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறோமா, அல்லது மேடையை மட்டும் ஒதுக்கியிருக்கிறோமா?

என் பங்குக்கு நான் மாற்றிக்கொண்டது சிறிய விஷயம். பிரதிகள் திரும்பி வரும்போது இப்போது விரல் எண்களையும் பார்க்கிறேன். பழைய எண் அழிந்து புதியது ஏறியிருந்தால், பிரதியைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அந்த ஆளிடம், ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டுவிடுகிறேன். பெரும்பாலும் பதில் சாதாரணமாகத்தான் இருக்கும்.

அந்தச் சாய்கோவ்ஸ்கி பிரதியை அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவே இல்லை, இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது. 4 அழிந்து 5 ஏறிய இடங்கள் பதினொன்று. அன்றே எண்ணியிருந்தேன்.